ஒரு முழம் முந்தி வந்த போட்டன்கள்

ஆய்வுகூடத்தில் போட்டன் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று ஏன் தொங்குகிறது என்று போன வெள்ளிக்கிழமை, இங்கே ஆய்வுக்கு வந்திருக்கும் உங்கள் மூவரில் ஒருவர் கேட்டீர்கள். மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஓய்வு பெற்றுப்போன கிழவன் தலைவாருவதற்கு மாட்டிவைத்தான் என்று நினைத்திருப்பீர்கள். என் தலையில் வாருவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதை நீங்களே கண்டீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத இவ்வளவு நாள் பிடித்துவிட்டது, ஏனென்றால் இதில் நான் நல்லவனாக வரும் இடம் குறைவு.

ஆடிகளை எப்படிச் சரிசெய்வது, உணரியை எந்த ஒழுங்கில் நிறுத்துவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைப் படியுங்கள். நான் சொல்லப்போவது கையேட்டில் இல்லாத ஒரு கடிதத்தைப் பற்றி. இந்த ஆய்வு நிலையத்தில் தொழில்நுட்ப அலுவலனாக இருந்த காலத்தில் நான் எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதியிருக்கக் கூடாது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிச் சந்தேகக்காரன். கோயிலில் வீதி சுற்றும்போதுகூட மூலைக்கு மூலை திரும்பி, கழற்றிவிட்ட செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். சுன்னாகம் சந்தையில் வெங்காயக்காரர்கள் என்னைக் கண்டால் சாக்கை இழுத்து மறைப்பார்கள், ஒவ்வொன்றாக மணந்து பார்க்கிற மனிதன் வருகிறான் என்று. என் மனைவி சொல்லுவாள்: "நீங்கள் சாமியிட்டையும் அடையாள அட்டை கேட்டுப் பார்த்துத்தான் கும்பிடுவியள்."

ஆனால் ஆய்வுகூடத்தில் இந்தக் குணம் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. ஒருமுறை புத்தம் புதிது என்று சொல்லி ஒரு மின்பெருக்கியை ஒரு விற்பனைக்காரர் கொண்டுவந்து இறக்கினார். பெட்டி புதிது, பொலித்தீன் புதிது, மணமும் புதிதுதான். அந்த மணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆணியால் அடிப்பக்கத்தைச் சுரண்டினேன். பெயின்றுக்குக் கீழே இன்னொரு பெயின்று, அதற்குக் கீழே துரு. அந்த மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அன்றிலிருந்து எதிலும் ஐயம் வந்தால் நிலையத் தலைவர் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. என் மூக்குக்குப் பிழை வராது என்றே நம்பினேன்.

இனி அந்தப் பெட்டி. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கதைக்கு வேண்டியதைச் சொல்கிறேன். லேசர் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் ஒளியை வடிகட்டிகள் தின்றுவிடும். பெரும்பாலான துடிப்புகளில் ஒன்றுமே மிஞ்சாது. எப்போதாவது ஒரு போட்டன், ஒளியின் ஒரே ஒரு துணுக்கு, தப்பி வெளியே வரும். அது சுவரோடு ஓடும் கறுப்புப் பைப்புக்குள் போய், முனையில் இருக்கும் ஆடியில் பட்டுத் திரும்பிப் பெட்டிக்குள் வரும். அங்கே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் ஒரு கண்ணாடித் தகட்டில் பட்டு, இரண்டு சின்ன ஆடிகளைச் சுற்றி ஒரு முழம் வளைந்து, பிறகு, வந்த நேரத்தைக் குறிக்கும் உணரிக்குள் நுழையும். எல்லாம் சேர்த்து நாற்பதடிப் பயணம். ஒளி ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ ஓரடி போகும். ஆகவே போட்டன் நாற்பது நானோ விநாடியில் வந்து சேர வேண்டும்.

ஒன்றொன்றாக வருகிற போட்டன்களை ஆயிரக்கணக்கில் குறித்துக்கொண்டால், கணினித் திரையில் நாற்பதுக்கு நேரே ஒரு குவியல் எழும், கோப்பையில் அவித்துக் கொட்டிய பிட்டு மாதிரி. குவியலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் சரிவு இருக்கும். அந்தச் சரிவில் பெரும்பங்கு உணரியின் தடுமாற்றம். மிகச் சிறு பங்குதான் குவாண்டம் நிச்சயமின்மை. ஒரு போட்டன் எப்போது புறப்பட்டது என்பதை நறுக்காகப் பிடிக்கப் போனால் அதன் நிறம் கையிலிருந்து நழுவும், நிறத்தை நறுக்காகப் பிடித்தால் நேரம் நழுவும். இது இயற்கையின் ஏற்பாடு, யாருடைய கவனக்குறைவும் இல்லை. எவ்வளவு நழுவும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

ஒற்றைப் போட்டனோடு வேலை செய்யும்போது ஒரு தூசி கூடப் பெரிய ஆள். ஆகையால் பெட்டியில் அறிவித்தல் ஒன்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்துத்தான், இன்னும் இருக்கிறது. பெட்டியைத் திறப்பவர் தலையைத் தொப்பியால் மூட வேண்டும். கையுறை போட வேண்டும். பூ வைத்திருப்பவர், முகத்துக்குப் பவுடர் போட்டிருப்பவர் பெட்டிக்குக் கிட்ட வரக்கூடாது. கனகாம்பரம் வைத்துவந்த ஒரு பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு பிள்ளையின் கன்னத்தை விரலால் சுட்டிக் காட்டி, "உதென்ன, மாவோ?" என்று கேட்டு அழவைத்தும் இருக்கிறேன்.

அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடற்தொழில். முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவள். தலைவரின் பரிந்துரை கிடைத்தால் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் உறுதி என்ற நிலையில் இருந்தாள். பூ இல்லை, பவுடர் இல்லை. கழுத்தில் சின்னச் சிலுவை ஒன்று, பெட்டியைத் திறக்கும்போது அதையும் சட்டைக்குள் போட்டு மேல்பொத்தானைப் பூட்டிக்கொள்வாள். அவ்வளவு ஒழுங்கான ஆளைக் கண்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். எனக்கு ஐயம் வந்தது. இவ்வளவு ஒழுங்கு ஏன் என்று யோசித்தேன்.

வந்து மூன்று மாதத்தில் அவள் ஒரு வரைபை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள். அத்தனை நாள் அளவீடுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கீறியது. நாற்பதில் பெரிய குவியல். அதற்கு முன்னால், முப்பத்தெட்டரையில், இன்னொரு சின்னக் குவியல். சில போட்டன்கள் ஒன்றரை நானோ விநாடி முந்தி வந்திருக்கின்றன. ஒரு முழம் முந்தி. ஒளியை முந்திக்கொண்டு ஒளி.

தலைவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. தனிப் போட்டனின் வேகம் சராசரியைச் சுற்றிக் கூடிக் குறையலாமோ என்று அவரும் அவளும் பலகை நிறைய எழுதினார்கள். நான் மூலையில் நின்று பார்த்தேன். பெரிய ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டால் எங்கோ பிழை என்று என் மூக்கு சொல்லும். பின்னேரம் அவர்கள் போன பிறகு கோப்புகளைத் திறந்து நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். திங்கள், முந்தி வந்தது ஒன்றுமில்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி, நிறைய. எல்லா வெள்ளியும்.

அட கோதாரி, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பண்டசாலை இருப்புப் பார்க்க நான் போய்விடுவேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவள் தனியே இருப்பாள். மற்ற நாட்களில் நான் இருக்கிறேன். வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலமை அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, முந்தி வந்தது எண்டு கீறி வச்சிருக்கிறீரே, உது என்ன?"

"போட்டன்தான் ஐயா. சராசரி எடுத்தால்தானே ஒளியின்ரை வேகம் ஒரே வேகம். தனி ஒண்டு எப்ப வெளிக்கிட்டது எண்டே நறுக்காச் சொல்லேலாதே. நிச்சயமின்மை இருக்குத்தானே."

"நிச்சயமின்மை வெள்ளிக்கிழமை விரதமோ பிடிக்குது? மற்ற நாளிலை எங்கை போகுது?"

அவளுக்கு விளங்கவில்லை. பிரித்து வைத்திருந்த வரைபுகளை முன்னால் போட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியேல்லை ஐயா. நான் நாள்வாரியாப் பார்க்கேல்லை. ஒருக்கால் பார்த்துச் சொல்லுறன்."

கள்ளனும் இப்படித்தான் சொல்லுவான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி பொறி வைத்தேன். காலையில் வழமைபோலப் பெட்டியைத் திறந்து, ஆடிகளைச் சரிபார்த்து மூடிய பிறகு, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தலைமயிரை எச்சிலால் ஒட்டினேன். திறந்தால் அறுந்துவிடும். மத்தியானம் வந்து பார்த்தேன், மயிர் அப்படியே இருந்தது. ஆனால் திரையில் சின்னக் குவியல் எழும்பி நின்றது. ஆகவே பெட்டியில் கை வைக்கவில்லை, கணினியில்தான் எழுதிப் புகுத்துகிறாள் என்று முடிவெடுத்தேன். அதற்கடுத்த வெள்ளி, அவளுக்குத் தெரியாமல், வருகிற எண்கள் எல்லாம் வரவர இன்னொரு இடத்திலும் பதிவாகும்படி செய்து வைத்தேன். இரண்டு பதிவும் ஒன்றாகவே இருந்தன, சின்னக் குவியலோடு. ஆகவே நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரி என்று முடிவெடுத்தேன். பார்த்தீர்களா? மயிர் அறுந்திருந்தால் அவள் குற்றவாளி. அறாவிட்டால் இன்னும் பெரிய குற்றவாளி. அவள் தப்புவதற்கு நான் ஒரு வழியும் விட்டுவைக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் சின்னக் குவியல் கொஞ்சம் பெருத்துக்கொண்டே வந்தது. என் ஐயமும் பெருத்தது. முன்பு வெள்ளிதோறும் ஒருமுறை பெட்டியைத் திறந்தவன், இப்போது அவள் வர முதல் ஒருமுறை, பண்டசாலைக்குப் போக முதல் ஒருமுறை என்று திறந்து, உள்ளே ஏதும் வைத்திருக்கிறாளா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

பிறகு அந்தக் கடிதத்தை எழுதினேன். வெள்ளிக்கிழமை அளவீடுகள் நம்பத்தக்கவையல்ல என்றும், மாணவியின் கைவரிசை இருப்பதாகப் பலமாக ஐயுறுகிறேன் என்றும். கைவரிசை என்ற சொல்லைத் தேடிப்பிடித்துப் போட்டேன். தலைவர் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். அடுத்த வெள்ளி பின்னேரம் இரண்டு மணிக்கு விசாரணை, மூத்த விரிவுரையாளர் ஒருவரும் இருப்பார், குற்றம் உறுதியானால் பரிந்துரையும் இல்லை, பதிவும் ரத்து என்றார். அவளிடமும் சொல்லிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க ஜெசிந்தா என்னோடு கதைக்கவில்லை. காலமை வணக்கம் மட்டும் சொல்லுவாள். கண் வீங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் விடிய எழும்பித் தலைக்குத் தோய்ந்து, பிள்ளையார் கோயிலுக்குப் போய், சைக்கிளில் நேரே ஆய்வுகூடம் வந்தேன். இன்றைக்கு எல்லாம் என் கையால் நடக்க வேண்டும், அவள் நிழல்கூட உள்ளே விழக்கூடாது. அப்போது சின்னக் குவியல் வராது, வராவிட்டால் கதை முடிந்தது.

"நீர் வெளியிலை கதிரையிலை இரும். நான் கூப்பிடுமட்டும் உள்ளை வரவேண்டாம்."

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தாள்.

பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டினேன். தொப்பி போட்டேன், கையுறை போட்டேன். உணரியை நிறுத்திப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஆடியாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் சரி. மூடினேன். அளவீட்டைத் தொடக்கிவிட்டுத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

நாற்பதில் பெரிய குவியல் மெல்ல எழுந்தது. முப்பத்தெட்டரையில் ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. அரை மணித்தியாலத்தில் சின்னக் குவியல் முன் ஒருநாளும் இல்லாத உயரத்துக்கு வந்துவிட்டது.

எழும்பிக் கதவை இழுத்துப் பார்த்தேன். கதவு பூட்டியிருக்கிறது, சாவி என் சட்டைப்பைக்குள், பிள்ளை வெளியே கதிரையில். என்ன கறுமம் இது என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை கிழமையாக நான் ஒருத்தியைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறேன், கள்ளன் உள்ளே நின்று வேலை செய்துகொண்டிருக்கிறான்.

அளவீட்டை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். ரோச் விளக்கின் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பொடி. அவ்வளவு நாளும் நான் ஆடிகளையே பார்த்தேன், தகட்டின் மேல் வெளிச்சத்தைச் சரித்துப் பார்த்ததேயில்லை. அது திங்கட்கிழமை வேலை. திங்கள் காலையில் மூடியைத் திறந்து தகட்டைத் துடைப்பதோடுதான் கிழமையைத் தொடங்குவோம். அன்றைக்கும் கை பழக்கத்தில் தாள் எடுத்து ஒரே இழுவையில் துடைத்துவிட்டது. துடைத்த பிறகுதான் புத்தி வந்தது. மூடி, திரும்ப அளந்தேன். சின்னக் குவியல் இல்லை. துடைத்தெறிந்தது போலப் போய்விட்டது.

விளங்கிவிட்டது. பொடியில் பட்ட போட்டன்களில் சில சிதறி, சின்ன ஆடிகளைச் சுற்றாமல், தகட்டிலிருந்து நேரே உணரிக்குள் குதித்திருக்கின்றன. குறுக்கு வழி. அந்த ஒரு முழம் மிச்சம். ஒளியை ஒளி முந்தவில்லை, கொஞ்சம் சுருக்கமான பாதையால் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாளிலிருந்த பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். மணந்தேன். வெங்காயம் மணந்து பழகிய மூக்கல்லவா. சாம்பல் மணமும், மெல்லிய கற்பூர வாசமும். தலையை நிமிர்த்தியபோது திறந்திருந்த பெட்டிக்குள் சின்ன ஆடி ஒன்றில் என் நெற்றி தெரிந்தது. காலமை கோயிலில் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய திருநீற்றின் மூன்று குறியில் நடுக்குறி பாதி இல்லை.

மற்ற நாட்களில் நான் ஒரு விரலால் தொட்டுப் பூசுவதோடு சரி, அது சைக்கிள் வியர்வையோடு போய்விடும். வெள்ளிக்கிழமை மட்டும் குழைத்துப் பூசுவேன். அது பத்து மணிக்கெல்லாம் காய்ந்து வெடிக்கும். எனக்கோ ஐயம் வந்தால் நெற்றியைச் சுருக்குகிற பழக்கம். தொப்பி தலையை மூடும், நெற்றியை மூடாது. நான் சுருக்கச் சுருக்க உதிர்ந்திருக்கிறது. ஐயம் கூடக் கூட அடிக்கடி குனிந்தேன், அடிக்கடி சுருக்கினேன், குவியலும் பெருத்தது. கனகாம்பரத்தைத் தடுத்தேன், பவுடரைத் தடுத்தேன். திருநீறும் ஒரு பொடிதான் என்று என் புத்திக்கு ஒருநாளும் படவில்லை. ஜெசிந்தா இயற்கையைச் சந்தேகித்தாள், நான் ஜெசிந்தாவைச் சந்தேகித்தேன், என் நெற்றியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

இனித்தான் வெட்கக்கேடு. விசாரணைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தகட்டைத் துடைத்தாயிற்று, சாட்சி போயிற்று. மிச்சச் சாட்சி என் நெற்றியில்தான் இருந்தது. குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். முகத்தைக் கழுவினால் முடிந்தது. வெள்ளிக்கிழமை நாளில் திருநீற்றைக் கழுவ மனம் வரவில்லை. நேர்மையால் அல்ல, பழக்கத்தால்தான் கழுவாமல் வந்தேன்.

கூட்டத்துக்குப் போகும்போதே ஒரு சொல்லைத் தயார்செய்துகொண்டேன். தூசி. பொய்யில்லை. பெண்ணும் தப்பிவிடுவாள், நானும் தப்பிவிடுவேன். தூசிக்குச் சொந்தக்காரன் கிடையாது.

"தகட்டிலை தூசி இருந்தது சேர். துடைச்சனான். குவியல் போட்டுது. நான் அவசரப்பட்டு எழுதிப்போட்டன்" என்றேன்.

தலைவர் மூச்சு விட்டார். ஆனால் மூத்த விரிவுரையாளர் விடவில்லை. அவரும் என்னைப்போல ஒரு ஆள்.

"தூசி எண்டால் எல்லா நாளும் இருக்கவேணுமே. வெள்ளிக்கிழமை மட்டும் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் போடுற கையுறையிலை உள்ளுக்கை பவுடர் இருக்கோ?"

"இருக்கு சேர். ஆனால் நான் கழுவிப்போட்டுத்தான்..."

"அப்ப அதுதான். கள்ளம் இல்லை, கவனக்குறைவு. கவனக்குறைவான ஆளுக்கு வெளிநாட்டுக்குப் பரிந்துரை எழுதினால் எங்களுக்குத்தான் மரியாதை கெடும்."

தலைவர் என் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை எடுத்து எதையோ எழுதத் தொடங்கினார். ஜெசிந்தா தன் கைகளை மேசையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதும் பொடி ஒட்டியிருக்கிறதோ என்று தேடுகிற மாதிரி. ஒரு பிழையும் செய்யாத பிள்ளை தன் கையையே சந்தேகித்துப் பார்க்கிறாள். அதைக் கண்டதும் நான் எழும்பிவிட்டேன்.

"எழுதாதேங்கோ சேர்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கையுறையும் இல்லை, பிள்ளையும் இல்லை. எழும்பி வாங்கோ, காட்டுறன்."

மூவரும் ஆய்வுகூடத்துக்கு வந்தார்கள். முதலில் சுத்தமான தகட்டோடு அளந்து காட்டினேன். ஒரு குவியல்தான். பிறகு உணரியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். தொப்பியைச் சரியாகப் போட்டேன், அறிவித்தலில் எழுதியிருந்த பிரகாரம் எல்லாம் செய்தேன். தகட்டுக்கு மேலே குனிந்து, நான் வழமையாகச் செய்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினேன். விரித்தேன். திரும்பச் சுருக்கினேன். பெட்டியை மூடி அளவீட்டைத் தொடக்கினேன்.

காத்திருந்த அரை மணித்தியாலம் என் வேலைக்காலத்திலேயே நீண்டது. வராவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பிள்ளையை இரண்டாம் தடவையும் நான்தான் விழுத்தினவன் ஆவேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து பிழை வரக்கூடாது என்று கும்பிட்டவன், அன்றைக்கு வரவேணும் வரவேணும் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன். முப்பத்தெட்டரையில் முதல் புள்ளி விழுந்தது. பிறகு அடுத்தது.

"மெய்யே?" என்றார் மூத்த விரிவுரையாளர். திரையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். தலைவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப உங்கடை கடிதத்தை என்ன செய்யிறது? கிழிக்கட்டோ?" என்று பிறகு தலைவர் கேட்டார்.

"வேண்டாம் சேர். அது கோப்பிலை கிடக்கட்டும். பக்கத்திலை இன்னொண்டு எழுதித் தாறன்."

அன்றைக்கே எழுதினேன். இரண்டும் இன்னும் கோப்பில் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். ஜெசிந்தாவுக்குப் பரிந்துரை போனது. அவள் தன் ஆய்வேட்டில் நிச்சயமின்மை பற்றி எழுதிய பக்கங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தூசி என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினாள். மரியாதைக்காக. நான் பேனையை வாங்கித் தூசியை வெட்டிவிட்டு, என்ன பொடி, யாருடைய நெற்றி என்று எழுதிக் கொடுத்தேன். நிச்சயமின்மைக்குக் கிழமை தெரியாது, அது தனிக் குவியலாகக் குந்தியிருக்காது. கிழமை பார்த்து வருவது மனிதர் செய்கிற வேலை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. யாராவது குவாண்டம் என்று சொன்னால் முதலில் கணக்கைக் கேளுங்கள், பிறகு தகட்டைப் பாருங்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. அன்று பின்னேரம் மற்றவர்கள் போன பிறகு நான் அவளிடம், "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். தாள் எடுத்துத் தகட்டைத் துடைத்து, பெட்டியை மூடி, கையுறையைக் கழற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உந்த மூடியிலை வெள்ளையாக் கிடக்கும். நான் துடைச்சுவிடுறனான். உங்கடை நெத்தியிலை இருந்துதான் விழுகுது எண்டும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"உள்ளுக்கையும் விழும் எண்டு நினைக்கேல்லை." கையுறையை மடித்து வைத்தாள். "நினைச்சிருந்தாலும் சொல்லியிருப்பனோ தெரியாது ஐயா. நான் வேற சமயம். கோயில்லை இருந்து வாற மனிசனிட்டை நெத்தியைத் துடையுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுகும் உங்களிட்டை. நீங்கள் அதிலையும் ஒண்டைக் கண்டுபிடிச்சிருப்பீங்கள்."

கண்டுபிடித்திருப்பேன். சத்தியமாகக் கண்டுபிடித்திருப்பேன். அறைக்குள் அந்தப் பொடியைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் அவள். அவள் வாயைத் திறக்க முடியாதபடி பூட்டி வைத்தவன் நான். தலைமயிரை ஒட்டிப் பிடிக்கப் பார்த்ததும் அவளைத்தான். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டிலிருந்து அந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து ஆணியடித்தேன். கீழே ஒரு லேஞ்சியும் தொங்கவிட்டேன், நெற்றி துடைக்க. அறிவித்தலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். நீங்கள் அந்த வரியை வாசித்திருக்கமாட்டீர்கள், கதிரை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், அறையில் இருப்பவர்களில் ஆகப் புதியவர் அவருடைய நெற்றியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் அந்த வரி. ஜெசிந்தா புறப்படும் நாள்வரை வெள்ளிதோறும் அதைச் செய்தாள். "ஐயா, நெத்தி" என்பாள். நான் துடைப்பேன்.

போன வெள்ளி உங்கள் அழைப்பில் வந்தபோது நான் கோயிலிலிருந்து நேரேதான் வந்தேன். மூன்று குறியும் குழைத்துப் பூசியிருந்தது. ஆடிகளை எப்படிப் பார்ப்பது என்று காட்டச் சொன்னீர்கள். வேண்டுமென்றே கண்ணாடியைப் பார்க்காமல், லேஞ்சியைத் தொடாமல், பெட்டியைத் திறந்து தகட்டுக்கு மேலே நன்றாகக் குனிந்தேன். நெற்றியைச் சுருக்கினேன். நீங்கள் மூவரும் என் நெற்றியைப் பார்த்தீர்கள். நான் கண்டேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார், மற்றவர் நிலத்தைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் போன பிறகு மூடியைத் துடைத்திருப்பீர்கள்.

அன்றைக்கு எடுத்த அளவீடுகளில் ஒரு முழம் முந்தி வந்தவை இருந்தால், அவை என்னுடையவை. அழிக்க வேண்டாம். யாருடைய நெற்றி என்று எழுதி, அதற்குக் கீழே அதைப் பார்த்தும் பேசாமல் நின்ற மூவரின் பெயரையும் எழுதிக் கோப்பில் வையுங்கள், என் இரண்டு கடிதங்களுக்கும் பக்கத்தில்.